42 வயதில் ஜிசெல்: மார்கோ ஃபான்டெய்ன் அத்தனை ஆண்டுகள் ஆடியது எப்படி?

அரைமண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பரதம் பயின்ற பலரையும் போல, பாலே என்றவுடன் எனக்கு நினைவுக்கு வருவது ருக்மிணி தேவி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்த கதைதான். அதற்கு மேல் அந்தக் கலையைப் பற்றி நான் அறிந்தது மிகக் குறைவு. சென்ற மாதம் பிரிட்டிஷ் பாலே நடனமணி மார்கோ ஃபான்டெய்னும் ரஷ்யாவிலிருந்து வந்த ருடால்ஃப் நூரேயெவும் சேர்ந்து ஆடிய பழைய பதிவொன்றைத் தற்செயலாகப் பார்த்தேன். ஆட்டம் முடிந்த பிறகு அந்த அம்மையாரைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான், இருவரும் 'ஜிசெல்' என்ற பாலேயில் முதன்முதலில் சேர்ந்து ஆடிய 1962ஆம் ஆண்டில் அவருக்கு வயது 42, நூரேயெவுக்கு 23 என்பதை அறிந்தேன். நான் பார்த்த பதிவு அதற்கும் பிந்தையது. சாவித்திரியையும் பத்மினியையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வயது அவ்வளவு எளிதில் தப்பிவிடாது என்று நினைத்திருந்தேன், அன்று தப்பிவிட்டது.

என் கேள்விகள் இவை. பாலே குழுக்களில் பிரின்சிபல் என்று குறிப்பிடுகிறார்களே, அது கலைமாமணி போன்ற பட்டமா, சம்பளத்தோடு கூடிய பதவியா? முப்பத்தைந்தைத் தாண்டினாலே கால் ஒத்துழைக்காது என்று சொல்லப்படும் ஒரு கலையில், இவர் அறுபது வயது வரை மேடையேறியது எப்படி? அது நூரேயெவ் என்ற இளைஞரின் வரவால் நேர்ந்த அற்புதம் மட்டுந்தானா?

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு 38 வயது. வர்ணத்தைக் குறைத்துக்கொண்டு பதங்களோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று எங்கள் ஆசிரியை அண்மையில் மிகவும் அன்பாகச் சொன்னார். அந்த அன்புதான் உறுத்துகிறது.

---

பழைய ரசிகர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் ஆடத் தெரியாதவன். ஆனால் வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் இலண்டனில் இருந்தபோது, மாதச் செலவில் மிச்சம் பிடித்துக் கோவன்ட் கார்டனில் உள்ள ராயல் ஆப்பரா ஹவுஸ் அரங்கின் உச்சி வரிசைகளில் உட்கார்ந்து பார்த்த பழக்கம் உண்டு. எனவே தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரின்சிபல் என்பது பதவிதான். அந்த அரங்கில் ஆடும் ராயல் பாலே குழுவில் இன்று ஆர்ட்டிஸ்ட், ஃபர்ஸ்ட் ஆர்ட்டிஸ்ட், சோலோயிஸ்ட், ஃபர்ஸ்ட் சோலோயிஸ்ட், பிரின்சிபல் என்று படிகள் உண்டு. பள்ளியிலிருந்து குழுவுக்குள் நுழையும் இளைஞர், அன்னப்பறவைக் கூட்டத்தில் இருபதோடு இருபத்தொன்றாக நிற்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பெரும்பாலோர் இடையிலேயே நின்றுவிடுவார்கள். பாரிஸ் ஓபராவில் உச்சப் படிக்கு எத்துவால், அதாவது நட்சத்திரம் என்று பெயர். அங்கே 42 வயதில் ஓய்வு என்பது இன்றைய விதி. நீங்கள் குறிப்பிட்ட அந்த 1962ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால், பாரிஸில் விடைபெறும் வயதில் ஃபான்டெய்ன் இலண்டனில் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கியிருக்கிறார் என்பது விளங்கும்.

ஆனால் அந்த இரண்டாவது வாழ்க்கையை மட்டும் பார்ப்பவர்கள் முதலாவதை மறந்துவிடுகிறார்கள். அவருடைய இயற்பெயர் மார்கரெட் ஹூக்கம். 1919 மே 18 அன்று இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ரைகேட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பொறியாளர். தாய்வழிப் பாட்டனார் பிரேசில் நாட்டவர். அவருடைய ஃபோன்டெஸ் என்ற குடும்பப் பெயரைத் திரித்துத்தான் ஃபான்டெய்ன் என்ற மேடைப்பெயர் பிறந்தது. தந்தையின் வேலை காரணமாகச் சிறுமி சீனாவில் வளர்ந்தாள். ஷாங்காயில் கோன்சரோவ் என்ற ரஷ்ய ஆசிரியரிடம் பயின்றாள். பதினான்கு வயதில் மகளை இலண்டனுக்கு அழைத்து வந்து, நினெட் டி வலுவா தம் விக்-வெல்ஸ் குழுவோடு சேர்த்து நடத்திவந்த பள்ளியில் சேர்த்தவர் தாயார்தான். அந்த விக்-வெல்ஸ் குழுவே பின்னாளில் சாட்லர்ஸ் வெல்ஸ் பாலே என்றாகி, 1956இல் அரச சாசனம் பெற்று ராயல் பாலே என்று பெயர் மாறியது. குழுவும் அவரும் சேர்ந்தே வளர்ந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

1935இல் குழுவின் நட்சத்திரமாக இருந்த அலிசியா மார்க்கோவா விலகிச் சென்றார். காலியான பாத்திரங்கள் சிறிது சிறிதாகப் பதினாறு வயதுப் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தன. ஜிசெல் பாத்திரத்தை அவர் முதன்முதலில் ஆடியது 1937இல், பதினேழு வயதில். ஆகவே 1962 பிப்ரவரி 21 அன்று நூரேயெவோடு ஜிசெல்லாக மேடையேறியபோது, அந்தப் பாத்திரம் அவர் உடம்பில் ஊறி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இளைஞர் நூரேயெவ் கொண்டு வந்த தீ பெரிது. ஆனால் எரிவதற்கு அங்கே விறகு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இடையில் போர் வந்தது. 1940 மே மாதம் நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்த குழு, ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்ததும் உடைகளையும் இசைத்தாள்களையும் அங்கேயே போட்டுவிட்டு உயிர் தப்பி வந்தது. போர்க்காலத்தில் நடன மண்டபமாக மாற்றப்பட்டிருந்த ராயல் ஆப்பரா ஹவுஸ், 1946 பிப்ரவரி 20 அன்று 'உறங்கும் அழகி' நாட்டிய நாடகத்தோடு மீண்டும் திறக்கப்பட்டபோது, இளவரசி ஆரோராவாக ஆடியவர் ஃபான்டெய்ன். 1949 அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் அதே பாத்திரம். அதில் ரோஸ் அடாஜியோ என்றொரு பகுதி உண்டு. பதினாறாம் பிறந்தநாள் காணும் இளவரசி ஒற்றைக் காலின் நுனிவிரலில் நிற்க, மற்றொரு கால் பின்னே மடங்கி உயர்ந்திருக்கும். நான்கு இளவரசர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கை கொடுப்பார்கள். ஒருவர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பற்றும் இடைவெளியில் அவள் யாருடைய துணையும் இன்றித் தனியே நிற்க வேண்டும். அந்த இடைவெளிகளில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நியூயார்க்கில் அன்று ஒரே இரவில் அவர் உலகப் புகழ் பெற்றார். அடுத்த மாதம் டைம் வார இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. நூரேயெவுக்கு அப்போது பதினொரு வயது.

---

மேப்பிள் நிழல் எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஒன்பது ஆண்டுகளாகப் பாலே பயில்கிறாள். எனவே இந்தக் கலையை நான் அறிந்திருப்பது பெரும்பாலும் ஊசி நூல் வழியாகத்தான்.

நுனிக்காலில் நிற்பதற்கான அந்தப் பாயின்ட் ஷூவுக்குள் மரக்கட்டை இருக்கிறது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை தடவி இறுக்கிய ஒரு கூடுதான் விரல்களைச் சுற்றி இருக்கும். அடியில் விறைப்பான ஓர் அட்டை. புதிதாக வாங்கியதை அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. நாடா தைத்துக் கொடுப்பது என் வேலை. அதன் பிறகு மகள் அதைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவாள், அடியட்டையை வளைப்பாள், மேடையில் தட்டும் சத்தம் குறைவதற்காகச் சிமெண்டுப் படியில் ஓங்கி அடிப்பாள். ஆயிரம் முறை கண்டித்துவிட்டேன், பயனில்லை. அணிந்து ஆடியதும் வியர்வையில் பசை இளகி, சில மணி நேர ஆட்டத்திலேயே கூடு அவல் போல நெகிழ்ந்துவிடும். முதன்மைக் கலைஞர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றுவது சாதாரணம். முதல் அங்கத்துக்கு இறுக்கமானது, காதல் காட்சிக்கு நெகிழ்ந்தது என்று பிரித்து வைத்திருப்பார்கள்.

எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும், காலை வகுப்பிலிருந்து விலக்குக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கும் பிளியே பயிற்சியில்தான் எட்டு வயதுக் குழந்தையின் வகுப்பும் தொடங்கும், நாற்பது வயதுப் பிரின்சிபலின் வகுப்பும் தொடங்கும். அரைமண்டியில் தட்டடவை மறுபடி மறுபடி ஆடும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் கருத்து இது. ஃபான்டெய்ன் தொடக்கத்திலிருந்தே உயரத் துள்ளுவதாலோ, சுழற்சிகளின் எண்ணிக்கையாலோ பெயர் வாங்கியவர் அல்லர். அவருடைய பாதங்கள் வலுவற்றவை, வளைவு போதாதவை என்ற குறை அவர் இளம்பெண்ணாக இருந்த காலத்திலேயே சொல்லப்பட்டது. அவரிடம் இருந்தவை வேறு: தலை, கழுத்து, தோள், கை, கால் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும் அளவு, இசையின் உள்ளே நின்று ஆடும் காது, எந்த அசைவையும் தேவைக்கு மேல் நீட்டாத அடக்கம். துள்ளலை நம்பி வாழும் கலைஞருக்கு முழங்கால் தேய்ந்தால் முதலே போய்விடும். இவருடைய முதலீடு முழங்காலில் இல்லை. ஃபிரெடெரிக் ஆஷ்டன் என்ற நடன அமைப்பாளர் முப்பதுகளிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இவருடைய உடலை மனத்தில் வைத்துப் படைப்புகளை அமைத்தார். 1958இல் வந்த 'ஆன்டின்', 1963இல் ஃபான்டெய்னுக்கும் நூரேயெவுக்கும் என்றே அமைத்த 'மார்கரீட்டும் ஆர்மாண்டும்' ஆகியவை அவற்றுள் சில. தன் அளவுக்கே தைக்கப்பட்ட சட்டை எத்தனை வயதிலும் நன்றாகத்தானே இருக்கும்? இவ்வளவு நற்பேறு வாய்த்த முதன்மைக் கலைஞர்கள் மிகச் சிலரே.

---

கடைசி வரிசை எழுதியது:

மேலே இருவரும் எழுதியவை அருமையானவை. ஆனாலும் ஃபான்டெய்னின் நீண்ட ஆட்சியைப் பற்றிப் பேசும்போது, அதன் விலையைக் கொடுத்தவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லாமல் போவது நியாயமாகாது.

கென்னத் மக்மில்லன் 'ரோமியோ ஜூலியட்' நாட்டிய நாடகத்தை அமைத்தபோது, அதை லின் சீமோர், கிறிஸ்டஃபர் கேபிள் என்ற இரண்டு இளம் கலைஞர்களை வைத்துத்தான் அமைத்தார். பாரிஸ் என்ற பிரபுவோடு திருமணம் என்று பெற்றோர் கட்டாயப்படுத்திவிட்டுப் போன பின், என்ன செய்வது என்று தெரியாத ஜூலியட் கட்டிலின் விளிம்பில் அசையாமல் உட்கார்ந்திருக்க, புரோகோஃபியெவின் இசை மட்டும் பொங்கி எழும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாட்டியத்தின் உச்சத்தில் நாட்டியமே இல்லாமல் விடும் அந்தத் துணிவு, சீமோர் என்ற கலைஞரின் இயல்பைக் கண்டறிந்து அவருக்காகச் செய்யப்பட்டது. 1965 பிப்ரவரி 9 அன்று முதல் நிகழ்ச்சி நடந்தபோது, அதில் ஜூலியட்டாக ஆடியவர் 45 வயது ஃபான்டெய்ன். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ஏற்பாடு செய்த சோல் ஹுரோக், ஃபான்டெய்ன், நூரேயெவ் என்ற உலகப் புகழ் பெற்ற ஜோடியைத்தான் கேட்டார், நிர்வாகமும் வழங்கியது. சீமோர் தனக்காக அமைக்கப்பட்ட பாத்திரத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மக்மில்லன் அடுத்த ஆண்டே பெர்லினுக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். சீமோரும் உடன் சென்றார்.

அன்றிரவு திரை 43 முறை உயர்ந்தது என்பதையும், கைத்தட்டல் நாற்பது நிமிடம் நீண்டது என்பதையும் எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன. அந்த 43இல் எத்தனை சீமோருக்கு உரியவை என்று யாரும் கணக்கிடுவதில்லை. இதற்கு ஃபான்டெய்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நுழைவுச்சீட்டு விற்பவனின் தராசில் கலைக்கு எப்போதும் இரண்டாம் எடைதான். ஆனால் முதன்மை இடம் என்பது ஒருவர் ஏறி நிற்கும் மலையுச்சி மட்டுமன்று, அங்கே வேறொருவருக்கு நிற்க இடமில்லை என்பதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. சங்கீத சபைகளின் மாலை நேர நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் இளம் கலைஞர்களைக் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

---

அரைமண்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. 'கடைசி வரிசை' அவர்கள் எழுதியதைப் படித்தபோது சற்றுச் சங்கடமாக இருந்தது. நான் ரசித்த பதிவே அந்த 'ரோமியோ ஜூலியட்'தான். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உடல் முடங்கிய கணவரின் மருத்துவச் செலவுக்காகத்தான் அவர் ஓய்வு பெறாமல் ஆடினார் என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படியானால் இத்தனை நேரம் நாம் கலை என்று பேசிக்கொண்டிருப்பது உண்மையில் வறுமைதானா?

---

பழைய ரசிகர் எழுதியது:

சீமோர் பற்றி நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஃபான்டெய்ன் விலகியிருந்தால் அந்த இடம் சீமோருக்கே கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஹுரோக் வேறொரு பெரிய பெயரைத் தேடியிருப்பார்.

சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பனாமா நாட்டு அரசியல்வாதியும் தூதருமான ராபர்டோ ஆரியாஸை அவர் மணந்தது 1955இல். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அவர் பட்ட பாடு தனிக் கதை: 1959இல் பனாமா அரசைக் கவிழ்க்கக் கணவர் முயன்றபோது, அரசு இவரைப் பிடித்து ஓர் இரவு சிறையில் வைத்திருந்து, பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றியது. இங்கிலாந்து அரசியிடம் டேம் பட்டம் பெற்ற நடனமணி, துப்பாக்கி கடத்தும் விவகாரத்தில் சிறைக்குள்! அதே 1959இல் அவர் ராயல் பாலேயின் நிரந்தர உறுப்பினர் நிலையிலிருந்து அழைப்பின்பேரில் மட்டும் ஆடும் விருந்தினர் கலைஞர் நிலைக்கு மாறினார். மெல்ல விடைபெறுகிறார் என்றுதான் எல்லாரும் எண்ணினார்கள். 1961 ஜூனில் பாரிஸ் விமான நிலையத்தில் சோவியத் குழுவிலிருந்து பிரிந்து புகலிடம் கேட்ட நூரேயெவை, அதே ஆண்டு நவம்பரில் தாம் தலைமை வகித்த ராயல் அகாடமி ஆஃப் டான்சிங்கின் விழாவுக்கு அழைத்தவர் இவர்தான். தம்மைவிடப் பத்தொன்பது வயது இளையவரோடு ஜிசெல் ஆட முதலில் தயங்கினார். கணவரோடு கலந்து பேசிய பிறகே ஒப்புக்கொண்டார்.

கணவர் சுடப்பட்டது 1964 ஜூனில். பனாமாவில் அரசியல் கூட்டாளி ஒருவரே காரிலிருந்த அவரைச் சுட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. ஃபான்டெய்ன் அப்போது இங்கிலாந்தின் பாத் நகர விழாவில் நூரேயெவோடு ஒத்திகையில் இருந்தார். பின்னர் கணவரை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்து, முதுகுத்தண்டுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சேர்த்தார். நிகழ்ச்சிக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடிக்கொண்டே இருந்தார். ஆகவே 1962இன் ஜிசெல்லையும் 1963இன் மார்கரீட்டையும் பணத்தின் கணக்கில் எழுத முடியாது. ஐம்பது வயதுக்குப் பிறகு ஊர் ஊராகச் சென்று ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகளில் பலவற்றை எழுதலாம். வறுமை அவரை ஆடத் தூண்டவில்லை. நிறுத்த விடாமல் செய்தது. இரண்டும் வேறு.

1979இல், அறுபதாவது பிறந்தநாளையொட்டி, ராயல் பாலே அவருக்குப் பிரிமா பாலரினா அசொலூட்டா என்ற பட்டத்தை அளித்தது. முதல் கேள்வியில் நீங்கள் கேட்ட கலைமாமணி போன்ற பட்டம் உண்மையில் இதுதான். அதன் பின் பனாமாவில் மாட்டுப்பண்ணை ஒன்றில் கணவரோடு வாழ்ந்தார். அந்தப் பண்ணையில் ஆடம்பரம் எதுவும் இருந்ததில்லை என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. 1989இல் ஆரியாஸ் மறைந்தார். இவருக்கோ புற்றுநோய், கையில் சேமிப்பு இல்லை. 1990 மே மாதம் கோவன்ட் கார்டனில் அவருடைய உதவிக்காகச் சிறப்பு நிகழ்ச்சி நடத்தினார்கள். ஆடப்பட்டது 'ரோமியோ ஜூலியட்'. ரோமியோவாக அல்ல, ரோமியோவின் நண்பன் மெர்கூஷியோவாக அன்று மேடையேறினார் 52 வயது நூரேயெவ். மருத்துவச் செலவில் ஒரு பங்கையும் அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டிருந்தார். 1991 பிப்ரவரி 21 அன்று பனாமாவில் ஃபான்டெய்ன் காலமானார்.

---

மேப்பிள் நிழல் எழுதியது:

சகோதரி அந்தப் பதிவோடு நின்றுவிட வேண்டாம். நீங்கள் பார்த்தது 1966இல் வெளியான படமாக இருக்க வேண்டும். அதில் அவர் நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார். அதற்கு முன்பே, 1960இல் வெளியான படத்தொகுப்பில் 'ஆன்டின்' இருக்கிறது. நீரில் வாழும் தேவதை முதன்முறையாகத் தன் நிழலைக் கண்டு அதனோடு விளையாடும் காட்சியை மட்டுமாவது பாருங்கள். நூரேயெவ் வருவதற்கு முந்தைய ஃபான்டெய்ன் யார் என்பதை அது காட்டிவிடும். கால்களைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள்.

---

அரைமண்டி எழுதியது:

நேற்றிரவு அந்த நிழல் காட்சியை மூன்று முறை பார்த்தேன். தரையில் விழுந்த நிழலைத் தொடுவதற்குக் கையை நீட்டுகிறார். நிழலும் கையை நீட்டுகிறது. உடனே கையை இழுத்துக்கொண்டு, தலையை மட்டும் சற்றுச் சாய்த்துப் பார்க்கிறார். அந்தச் சாய்வுக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. தலையை இருபுறமும் அசைக்கும் பரிவாகித சிரத்தின் பாதி அளவு. அதில் மிகையென்று ஓர் இம்மியும் இல்லை. அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை வகுப்பில் வர்ணத்தை விடப்போவதில்லை என்று ஆசிரியையிடம் சொல்ல இருக்கிறேன். ஜதிகளின் வேகத்தைக் குறைப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.